நிலக்கீழ் வீடுகளில் வாழ்வைத் தொடங்கியவர்கள் ஆறு வீட்டுக் கட்டடங்களை எதிர்க்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் தனிவீட்டுத் தெருக்களில், ஒரே கட்டடத்துக்குள் நான்கு அல்லது ஆறு குடியிருப்புகள் கொண்ட நான்கு வீட்டுக் கட்டடங்களுக்கோ ஆறு வீட்டுக் கட்டடங்களுக்கோ இடமளிக்கக் கூடாது என்று வலியுறுத்தி, சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். முப்பது வருட உழைப்பில் வாங்கிய வீட்டைச் சுற்றியுள்ள அமைதி கெட்டுவிடுமோ என்ற அவருடைய கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. நானும் அத்தகைய தெரு ஒன்றில், 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே, 1950களில் கட்டப்பட்ட, மேல்மாடி இல்லாத பங்களோ வீடொன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வாழ்ந்து வருபவள். ஆனால், இவை குடும்பங்களுக்கான தெருக்கள், வாடகைக்கு வருபவர்களுக்கானவை அல்ல என்ற பொருள்பட அவர் எழுதியிருந்த ஒரு வரி என்னை மிகவும் வருத்தியது. அந்த வரிக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாததால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1988ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் நானும் என் கணவரும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, எங்களுக்குக் கிடைத்த முதல் இருப்பிடம் ஸ்காபரோவில் ஒரு தனிவீட்டின் பேஸ்மென்ட், அதாவது நிலக்கீழ்த் தளம். நாங்கள் இருவர், கணவரின் தம்பி, எங்கள் ஊரைச் சேர்ந்த இன்னொரு குடும்பத்தினர் நால்வர் என ஏழு பேர் அங்கே இருந்தோம். எங்களுக்கும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் இருந்த அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு மட்டுமே இருந்தது. ஃபர்னஸ் இரவில் இயங்கத் தொடங்கும்போதெல்லாம் கைக்குழந்தை திடுக்கிட்டு அழும். கூரையை ஒட்டி, ஒரு முழ அகலத்தில் ஒரேயொரு யன்னல். பனி கொட்டிய மறுநாள் அதுவும் மூடிப்போய்விடும். வெளியே போக ஒரே படிக்கட்டு, அதுவும் வீட்டுக்காரரின் சமையலறைக்குள்தான் ஏறியது. மாநகரசபையிலிருந்து யாராவது கதவைத் தட்டினால் திறக்க வேண்டாம் என்றும், கடிதங்கள் வரவேண்டுமானால் தன்னுடைய பெயருக்கு அனுப்பச் சொல்லும்படியும் அவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அவரும் தமிழர்தான். எங்கள் வாடகையால்தான் அவர் வீட்டுக்கடனைக் கட்டினார். பின்னர் நாங்கள் வீடு வாங்கியபோது எங்கள் பேஸ்மென்டில் இருந்தவர்களின் வாடகையால்தான் நாங்களும் கட்டினோம். ஸ்காபரோவில் வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சங்கிலியில் ஏதோவொரு கண்ணியாக இராதவை மிகச் சிலவாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களில் சட்டம் எங்கள் இருப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் இரண்டாவது குடியிருப்பை அனுமதிக்கும் சட்டத்தை ஒன்ராறியோ மாகாண அரசு 1994இல் கொண்டுவந்தது. அடுத்து ஆட்சிக்கு வந்தவர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். 1998இல் ஸ்காபரோ உட்பட ஆறு உள்ளூராட்சிகள் ஒன்றாக இணைக்கப்பட்ட பிறகே புதிய ரொறன்ரோ மாநகரசபை நகரம் முழுவதற்கும் அந்த அனுமதியை வழங்கியது. அறைகளைத் தனித்தனியாக வாடகைக்கு விடும் வீடுகளின் நிலை இன்னும் மோசமாக இருந்தது. பழைய ரொறன்ரோ நகரில் உரிமம் பெற்று நடத்தக்கூடிய அத்தகைய வீடுகள் ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் ஈஸ்ட் யோர்க்கிலும் முழுமையாகத் தடைசெய்யப்பட்டிருந்தன. 2024 மார்ச் 31ஆம் திகதிதான் அந்தத் தடை நீங்கியது. தடை இருந்த காலம் முழுவதிலும் மாணவர்களும் புதிதாக வந்தவர்களும் அவ்வாறான வீடுகளில்தான் வாழ்ந்தார்கள். அங்கே புகை எச்சரிக்கைக் கருவியோ இரண்டாவது வாயிலோ இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்க்க மட்டும் யாரும் வரவில்லை. 2018இல் ஸ்காபரோவில் உரிமமற்ற அத்தகைய வீடொன்று தீப்பிடித்தபோது பல்கலைக்கழக மாணவி ஒருவர் உயிரிழந்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவில், பலகைத் தடுப்புக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்த எங்கள் பழைய ஃபர்னஸைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெருக்கமான குடியிருப்பு எங்கள் தெருக்களுக்குப் புதிதாக வரப்போவதைப் போல எழுதுவது சரியல்ல என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். அது நாற்பது ஆண்டுகளாக இங்கேயே, நிலத்துக்குக் கீழே இருந்து வருகிறது. மாநகரசபை இப்போது செய்ய முனைவது அந்த மக்களை நிலத்துக்கு மேலே, யன்னலும் தீத்தடுப்புச் சுவரும் தனி வாயிலும் தனி முகவரியும் கொண்ட வீடுகளில் சட்டப்படி குடியமர்த்துவதற்கான வழியைத் திறப்பதுதான்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதில் எம்மவரிடையே குழப்பம் இருப்பதால், நான் அறிந்தவரையில் அதைச் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் மாகாண அரசு நிறைவேற்றிய சட்டத்தின்படி, நகர நீர்வசதியும் கழிவுநீர் வசதியும் உள்ள குடியிருப்புக் காணி ஒவ்வொன்றிலும் மூன்று குடியிருப்புகள் வரை அமைக்கலாம். 2023 மே மாதத்தில் ரொறன்ரோ மாநகரசபை அதை நான்காக உயர்த்தியது. அதற்கு முன்பே, 2022இல், பின்வளவில் சிறு வீடொன்றைக் கட்டுவதற்கும் அனுமதி கிடைத்திருந்தது. 2023 டிசம்பரில் மத்திய அரசு வீடமைப்பை விரைவுபடுத்தும் நிதியிலிருந்து ரொறன்ரோவுக்கு 471 மில்லியன் டொலர்களை அறிவித்தது. நகரம் முழுவதிலும் ஆறு வீட்டுக் கட்டடங்களுக்கு இடமளிப்பது குறித்த உறுதிமொழியும் அந்த உடன்படிக்கையில் அடங்கியிருந்தது. ஆனால் 2025 யூனில் அது வாக்கெடுப்புக்கு வந்தபோது, நகரின் 25 வட்டாரங்களில் ஒன்பதில் மட்டுமே ஆறு வீட்டுக் கட்டடங்கள் அனுமதிக்கப்பட்டன. அவற்றில் எட்டு பழைய ரொறன்ரோவையும் ஈஸ்ட் யோர்க்கையும் சேர்ந்தவை. ஒன்பதாவது ஸ்காபரோ வடக்கு, அதாவது 23ஆம் வட்டாரம். ஏனைய வட்டாரங்கள் விரும்பினால் பின்னர் இணைந்துகொள்ளலாம் என்று விடப்பட்டது. நிதியின் ஒரு பகுதியை இழக்க நேரிடலாம் என்று மத்திய அரசு எச்சரித்திருந்தும் முடிவு இவ்வாறுதான் அமைந்தது. இதன் விளைவு என்னவென்றால், 401 நெடுஞ்சாலைக்கு வடக்கே என் தங்கை குடியிருக்கும் தெருவில் கட்டக்கூடிய ஆறு வீட்டுக் கட்டடத்தை, அதே அளவான காணியும் அதே வயதான பங்களோவும் உள்ள என் தெருவில் கட்ட முடியாது.

நான்குக்கும் ஆறுக்கும் இடையே அப்படி என்ன பெரிய வேறுபாடு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கட்டடத்தின் தோற்றத்தில் வேறுபாடு சிறிதுதான். ஆனால் கடன் பெறுவதில் அது மிகப் பெரிது. வாடகைக் குடியிருப்புகள் கட்டுவோருக்காகக் கனடா அடமான, வீடமைப்புக் கூட்டுத்தாபனம் வழங்கும் சிறப்புக் கடன் காப்புறுதிக்குக் குறைந்தது ஐந்து குடியிருப்புகளாவது இருக்க வேண்டும். அந்தக் காப்புறுதி கிடைத்தால் குறைந்த முற்பணத்துடன் நீண்ட காலத் தவணையில் கடன் பெறலாம். நான்கு வீடுகளோடு நிறுத்தப்பட்டவர் அந்த வாசலுக்கே போக முடியாது. அவர் சாதாரண வீட்டுக்கடனையும் கையிருப்பையும் நம்ப வேண்டும். மறுபக்கம், ஏழு குடியிருப்புகளாகிவிட்டால் ஒன்ராறியோவில் சொத்துவரி வகுப்பு மாறி, கணக்கும் வேறாகிவிடுகிறது. ஆகவே, சொந்தக் காணியில் தானே கட்டி, ஒன்றில் குடியிருந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விட விரும்பும் சாதாரணக் குடும்பத்துக்குக் கணக்குப் பொருந்தி வருவது பெரும்பாலும் ஐந்திலும் ஆறிலும்தான். நான்கு வரை மட்டும் அனுமதித்துவிட்டு, பாருங்கள், யாரும் கட்ட முன்வரவில்லையே என்று சொல்வது நியாயமாகாது.

தெருவின் தோற்றம் கெட்டுவிடும் என்பது அந்த வாசகரின் அடுத்த வாதம். என் வீட்டிலிருந்து மூன்றாவதாக இருந்த பங்களோவை நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வாங்கி இடித்தார். அந்த இடத்தில் இப்போது எங்கள் கூரைகளைப் போல இரு மடங்கு உயரமுள்ள, முன்வளவு முழுவதும் கல் பதித்த ஒரு மாளிகை நிற்கிறது. அதற்காக முன்வளவில் நின்ற மேப்பிள் மரம் போய்விட்டது. அங்கே வசிப்பவர்கள் இருவர். அது கட்டப்பட்டபோது தெருவில் ஒருவரும் மனுவில் கையொப்பம் திரட்டவில்லை. நான்கு வீட்டுக் கட்டடமும் ஏறத்தாழ அதே அளவுக்குள்தான் அமைய வேண்டும். 2023இன் விதிகள் அதற்குத் தந்த உயரம் 10 மீற்றர். அதே உயரத்திலும் பருமனிலும் ஒரு செல்வந்தர் வாழ்ந்தால் தெருவின் அழகு கெடாது, நான்கு குடும்பங்கள் வாழ்ந்தால் கெட்டுவிடும் என்றால், எங்கள் மனத்தை உறுத்துவது கட்டடமா, அதில் வாழ வருபவர்களா என்பதை நாம் ஒவ்வொருவரும் நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ரொறன்ரோ நகரம் 1912இலேயே குடியிருப்புத் தெருக்களில் தொடர்மாடிகளைத் தடைசெய்து உபவிதி இயற்றியது. அன்றைய அச்சமும் வாடகைக்கு வரும் ஏழைகளைப் பற்றியதாகத்தான் இருந்தது. அன்று விலக்கி வைக்கப்பட்டவர்களின் வரிசையில் பிற்காலத்தில் வந்து நின்ற நாங்கள், அந்த அச்சத்தை எங்கள் அச்சமாக ஏற்றுக்கொள்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மொன்றியலில் எங்கள் உறவினர்கள் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வாழ்கிறார்கள். அங்கே போய் வந்தவர்களுக்கு, வெளிப்புறத்தில் இரும்புப் படிக்கட்டுகள் ஏறும் இரண்டு மாடி, மூன்று மாடி வீடுகளைத் தெரிந்திருக்கும். ஒரு கட்டடத்துக்கு இரண்டு, மூன்று, சில இடங்களில் அதற்கும் மேற்பட்ட குடியிருப்புகள். என் மைத்துனி கீழ்வீட்டில் இருக்கிறார். அவருடைய மகன் மேல்வீட்டில். மாலையில் மேல்வீட்டுப் படிக்கட்டின் உச்சியில் நின்று, "அம்மா, தேத்தண்ணி ஊத்திட்டிங்களோ?" என்று அவன் கேட்பதை நான் கண்டிருக்கிறேன். மரங்கள் நிழல் தரும் அந்தத் தெருக்களில் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தே போகிறார்கள். குடும்பம் என்ற சொல்லுக்கு அங்கே எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

வாகனத் தரிப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதிய விதிகளின்படி இக்கட்டடங்களுக்குத் தரிப்பிடம் கட்டாயமில்லை என்பது உண்மை. அதனால் தெருவோரத்தில் கார்கள் கூடலாம் என்பதும் உண்மை. ஸ்காபரோவின் இலகு ரயில் 2023 யூலையில் தடம்புரண்ட பின்னர் மீண்டும் இயங்கவேயில்லை. மக்கள் பேருந்துகளில் நெருக்கியடித்துப் போகிறார்கள். சுரங்கரயில் நீடிப்பு முடியும்வரையேனும் பேருந்துகளை அதிகரிக்கும்படி நாம் சேர்ந்து கேட்க வேண்டும். ஆனால் காருக்கு இடமில்லை என்பதற்காக மனிதருக்கு இடம் மறுக்கும் வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை.

அந்த வாசகர் எழுதாமல் விட்ட இரண்டு விடயங்கள்தான் என்னை உண்மையில் கவலைகொள்ள வைக்கின்றன.

முதலாவது நீர். 2024 யூலை 16ஆம் திகதி பெய்த மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு காலைப்பொழுதில் விமான நிலையத்தில் ஏறக்குறைய 98 மில்லிமீற்றர் பதிவான நாள் அது. எங்கள் தெருவின் குழாய்கள் வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்டவை. பேஸ்மென்ட் தரையிலுள்ள வடிகாலின் மூடியைத் தூக்கிக்கொண்டு கறுத்த நீர் மேலெழுவதைப் பார்த்தபடி, துணிமணிகளை வாளிகளில் அள்ளிக்கொண்டு படியேறியவர்களில் நானும் ஒருத்தி. மண் நீரை உறிஞ்சும், கொங்கிரீட் உறிஞ்சாது. ஆகவே கட்டட அனுமதி வழங்கும்போது பின்வளவில் எவ்வளவு மண் திறந்தபடி இருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தவே கூடாது. கழிவுநீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் வால்வு புதிய கட்டடம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். பழைய குழாய்களைப் புதுப்பிக்கும் பணி எந்தத் தெருவில் எந்த ஆண்டில் நடக்கும் என்பதை மாநகரசபை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அடிமரம் 30 சென்ரிமீற்றர் விட்டமும் அதற்கு மேலும் உள்ள மரங்களை அனுமதியின்றி வெட்டக் கூடாதென்ற உபவிதி ஏற்கெனவே இருக்கிறது. மாளிகை கட்டுபவருக்கும் ஆறு வீடு கட்டுபவருக்கும் அது ஒரே கண்டிப்போடு நடைமுறைப்படுத்தப்பட வேண்டும்.

இரண்டாவது, இன்று அந்தப் பங்களோக்களின் பேஸ்மென்ட்களில் வாழ்பவர்கள். நான் முழுமனதோடு ஆதரிக்கும் இத்திட்டத்தில் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. ஒரு பங்களோவை இடித்து ஆறு வீட்டுக் கட்டடம் எழுப்பினால் முதலில் வெளியேற வேண்டியவர் கீழே வாடகைக்கு இருப்பவர். இடிக்கப்படும் வாடகைக் குடியிருப்புகளுக்கு ஈடாகப் புதியவற்றைத் தர வேண்டும் என்ற ரொறன்ரோவின் விதி, ஆறு வாடகைக் குடியிருப்புகளோ அதற்கு மேலோ உள்ள கட்டடங்களுக்கு மட்டுமே பொருந்தும். தனிவீட்டின் பேஸ்மென்ட்டில் இருப்பவருக்கு மாகாணச் சட்டப்படி கிடைப்பது 120 நாள் அறிவித்தலும் ஒரு மாத வாடகையும்தான். இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய், ஒரு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய ஸ்காபரோவில் எங்கே போவாள்? அது போதாதென்று, 2018 நவம்பர் 15ஆம் திகதிக்குப் பின்னர் முதன்முதலாகக் குடியேறப்பட்ட குடியிருப்புகளுக்கு ஆண்டு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. ஆகவே புதிய ஆறு வீடுகளில் ஒன்றில் அவள் குடியேறினாலும் அடுத்த ஆண்டு வாடகையை எவ்வளவுக்கு உயர்த்துவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த விலக்கை மாகாண அரசு நீக்க வேண்டும். இடிக்கப்படும் வீட்டில் குடியிருந்தவர் புதிய கட்டடத்துக்குத் திரும்பி வரும் உரிமையையும் அவருக்கு ஏற்ற வாடகையையும் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். எமது சமூகத்தில் சட்டம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஆற்றலைக் கட்டடங்களைத் தடுப்பதில் செலவிடாமல் இந்தப் பாதுகாப்புகளைப் பெற்றுக்கொடுப்பதில் செலவிட்டால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

இதனால் வீட்டு விலை நாளையே குறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. புதிதாகக் கட்டப்படும் எதுவும் தொடக்கத்தில் மலிவாக இருப்பதில்லை. நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரம் 2016இல் தன் குடியிருப்பு நிலத்தின் ஏறத்தாழ முக்கால் பங்கில் அடர்த்தியான வீடுகளை அனுமதித்த பின்னர், அந்தப் பகுதிகளில் கட்டட அனுமதிகள் பெருகின என்பது அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டது. ஆனால் அதற்கும் ஆண்டுகள் எடுத்தன. இங்கே எங்கள் வட்டாரத்தில் அந்த ஆண்டுகளின் கணக்கு இன்னும் தொடங்கவேயில்லை.

என் சொந்த நிலையையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதில் எனக்கு எந்த நலனும் இல்லை என்று காட்டிக்கொள்வது நேர்மையாகாது. கணவர் காலமாகி ஆறு வருடங்கள். முதியோர் இல்லமொன்றில் முப்பது ஆண்டுகள் நோயாளிகளைத் தூக்கித் தூக்கி வேலை செய்ததில் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துவிட்டன. சலவை இயந்திரம் இருக்கும் பேஸ்மென்ட்டுக்கு நான் பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறேன். மகள் ஓஷாவாவில் வீடு வாங்கி, ஒவ்வொரு நாளும் ஸ்காபரோவுக்கு வேலைக்கு வந்து போகிறாள். மகன் இன்னும் வாடகைக்கு இருக்கிறான். மூன்று படுக்கையறைகளில் இரண்டு பூட்டிக் கிடக்கின்றன. மாநகரசபையின் மானிய வீடுகளுக்குப் பெயர் பதிந்து காத்திருந்தால் பத்து ஆண்டுகளுக்கும் மேலாகலாம் என்கிறார்கள். பங்களோவை இடித்து, படியேறாமல் நுழையக்கூடிய கீழ்வீட்டை எனக்கும், மேலே இரண்டைப் பிள்ளைகளுக்கும் வைத்துக்கொண்டு, மீதி மூன்றை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டலாம் என்று மகன் ஒரு வரைபடம் போட்டு வைத்திருக்கிறான். அது இப்போது எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அந்த வரைபடத்தில் உள்ள ஆறில் நான்குக்குத்தான் இன்று என் தெருவில் அனுமதி உண்டு.

ஆசிரியர் அவர்களே, ஒரு வட்டாரம் இத்திட்டத்தில் இணைவதா இல்லையா என்பதை முன்னெடுக்க வேண்டியவர் அவ்வட்டாரத்தின் மாநகரசபை உறுப்பினர். 2026 ஒக்டோபர் 26ஆம் திகதி மாநகரசபைத் தேர்தல் நடைபெறவிருக்கிறது. இது தொடர்பான மாநகரசபை அறிவித்தல்கள் எங்கள் வீட்டுக்கு ஆங்கிலத்தில்தான் வருகின்றன. என் வயதொத்த பலர் அவற்றை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கலந்துரையாடல்கள் நடக்கும் திகதியையும் இடத்தையும் தங்கள் பத்திரிகை தமிழில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்காபரோவில் போட்டியிடும் ஒவ்வொரு வேட்பாளரிடமும், தமிழர் உட்பட, இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: உங்கள் வட்டாரத்தில் ஆறு வீட்டுக் கட்டடங்களை அனுமதிக்கக் கோருவீர்களா? இடிக்கப்படும் வீட்டின் பேஸ்மென்ட்டில் இருப்பவருக்கு என்ன பாதுகாப்பைப் பெற்றுத் தருவீர்கள்? அவர்கள் தரும் பதில்களை அவர்களின் பெயர்களோடு, தேர்தலுக்கு முந்திய இதழில் அப்படியே அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
ஸ்காபரோ